நின்ற காரில் இடி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முகூர்த்த மாதங்களில் ஆரணி கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய காரியம். கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பங்களின் கார்கள் ஓரத்தில் நிற்கும். நடுவில் ஷேர் ஆட்டோ, பைக், அரிசி மூட்டை ஏற்றிய குட்டியானை எல்லாம் உரசிக்கொண்டு போகும். கடைக்குள் ஒரு புடவையைப் பிரித்து, பார்டரைப் பார்த்து, மாமியாருக்குப் பிடித்து, மருமகளுக்குப் பிடிக்காமல் போய், இன்னொன்றைப் பிரிப்பதற்குள் வெளியே பின் பம்பரில் ஒரு நீலக்கோடு விழுந்திருக்கும். இடித்தவர் ஓடாமல் நின்றால் கூட்டம் கூடிவிடும். "பெருசா ஒண்ணும் இல்ல சார், ஆயிரத்த வாங்கிட்டு விடுங்க" என்று பஞ்சாயத்தும் ஆரம்பமாகிவிடும்.

அந்தப் பஞ்சாயத்துதான் எனக்குப் பயம். பம்பர் பிளாஸ்டிக். அடிபட்டு உள்ளே போனாலும் பழையபடி வெளியே வந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் இரும்பு அப்படித் திரும்பி வராது.

செய்ய வேண்டியவை

காரை நகர்த்தும் முன் படம் எடுங்கள். நான்கு மூலையும், இரண்டு வண்டிகளின் நம்பரும், தரையில் சிதறிய கண்ணாடியும், ஒட்டிக்கொண்ட பெயின்டும் படத்தில் இருக்கட்டும். டயர் தள்ளப்பட்ட தடம் தெரிந்தால் அதையும் எடுங்கள். டிக்கி கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எடுத்து வையுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் பின்னால் அதுவே உங்கள் சாட்சி.

இடித்தவர் போய்விட்டாரா? எதிர்க் கடையில் கேமரா இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். சிறிய ரெக்கார்டர்களில் பழைய பதிவு சில நாள்களிலேயே அழிந்து புதியது ஏறிவிடும். நகல் எடுத்துத் தரத் தெரியாது என்றால் திரையையே செல்போனில் படம் பிடியுங்கள். நம்பர் கிடைத்தால் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

பிறகு குனிந்து பாருங்கள். வெள்ளை வேட்டி அழுக்காகும், பரவாயில்லை.

பின்னால் அடி என்றால் டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் குழியைப் பாருங்கள். தகட்டில் மடிப்பு விழுந்திருந்தாலோ, இணைப்பில் பூசிய சீலன்ட் வெடித்திருந்தாலோ அடி பம்பரோடு நிற்கவில்லை. டிக்கியைச் சாத்த இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தாலும் அதே கதைதான். ரப்பர் சரியாக உட்காராத டிக்கியில் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். அங்கே பட்டுப்புடவை இருந்தால் என்ன ஆகும் என்று ஆரணிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காருக்குள் இருக்கும் துணிமணிக்குக் கார் பாலிசி பணம் தராது.

முன்பக்கம் அடி என்றால் வண்டிக்கு அடியில் சொட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கன்டென்சர் இருக்கிறது. அதில் ஊசித்துளை விழுந்தாலும் அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஏசியில் வெறும் காற்று வரும். சக்கரத்தில் அடி என்றால் டயரின் பக்கவாட்டில் கொப்புளம்போல வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தும் கார் ஒரு பக்கம் இழுத்தால் டை ராடோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் காரை 'பி'யில் நிறுத்தியிருந்து, இடியில் அது நகர்ந்திருந்தால் கியர்பாக்ஸையும் சோதிக்கச் சொல்லுங்கள். நின்ற வண்டி உருளாமல் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொக்கிதான். மொத்த வண்டியும் தள்ளப்பட்ட வேகத்தை அதுதான் தாங்கியிருக்கிறது.

சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியில் இருக்கும் வண்டியில் பின்னடி பட்டு வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். வால்வை மூடிவிட்டு விலகி நின்று மெக்கானிக்கை வரவழையுங்கள். கார் வாங்கிய பிறகு மாட்டிய கிட் என்றால் அது ஆர்சி புத்தகத்திலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். யாருக்கும் காயமில்லாத சின்ன இடிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்ஐஆர் கேட்பது அபூர்வம். ஆனால் தேதியும் இடமும் ஒரு அரசுத் தாளில் ஏறிவிடுவது நல்லது.

அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். தாமதம் ஆகிவிட்டால் மனம் தளர வேண்டாம். தக்க காரணம் இருக்கும்போது தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியம். இழப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கம்பெனி தன் ஆளை வைத்தோ, செல்போன் வீடியோவிலோ முடித்துக்கொள்ளலாம். வீடியோவில் தெரிவது மேல்தோல் மட்டும். அதனால் பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகே முழு எஸ்டிமேட் என்று ஒர்க்ஷாப்பிலும் கம்பெனியிலும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கழற்றியதும் புது சேதம் கிடைத்தால் வேலையை நிறுத்தி, படம் எடுத்து அனுப்பி, சர்வேயரை மறுபடி பார்க்கச் சொல்லி, சப்ளிமென்டரி எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் வாங்குங்கள். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒர்க்ஷாப்புகளில் தினமும் நடப்பது. ஒப்புதலுக்கு முன் பாகத்தை மாற்றிவிட்டால் அந்தப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். கழற்றிய பழைய பாகமும் கணக்கு முடியும்வரை ஒர்க்ஷாப்பிலேயே இருக்கட்டும்.

கிளெய்ம் போடுவதா, கைக்காசில் முடிப்பதா என்று ஒரு கணக்குப் போடுங்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கட்டுவது 4,000. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50. பிரீமியம் மாறாமல் இருந்தால் இந்த ஐந்து ஆண்டில் கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. ஆக மொத்தம் 10,000. இதோடு கட்டாயப் பிடித்தம் 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் பாதிதான் தருவார்கள். ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. ஆகவே கீறலுக்கும் சின்ன டென்டுக்கும் உள்ளூர் டிங்கரிங் கடையே லாபம். ஆனால் பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் அது சின்ன டென்ட்தான் என்று முடிவு கட்ட முடியாது.

செய்யக்கூடாதவை

நடுத்தெருவில் காசு வாங்கிக்கொண்டு "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இடித்தவரிடம் பணத்தை வசூலிக்கும் உரிமை, உங்களுக்கு இழப்பீடு கொடுத்த கம்பெனிக்குப் போகிறது. அதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனி கைவிரிக்கும். இடித்தவர் நெசவுக்கூலியில் ஓட்டும் பழைய பைக்காரர், நீங்கள் விட்டுவிட நினைக்கிறீர்கள் என்றால் தாராளமாக விடுங்கள், அது உங்கள் மனசு. விடுவதற்கு முன் எதை விடுகிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட் சொட்டும் வண்டியை "வேலூர் கம்பெனி சர்வீஸுக்குத்தானே, கண்ணமங்கலம் வழியா மெதுவா போயிடலாம்" என்று எடுக்காதீர்கள். பழுது பார்க்கும் முன் ஓட்டியதால் கூடும் சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையில் அச்சடித்தே இருக்கிறது. ரேடியேட்டர் அவர்கள் கணக்கு, வழியில் சூடேறிப் பழுதான எஞ்சின் உங்கள் கணக்கு. டோ வண்டி கேளுங்கள்.

கதையை மாற்றாதீர்கள். "நீங்களே சுவத்துல இடிச்சதா எழுதுங்க, சீக்கிரம் முடியும்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். நின்ற வண்டி என்றால் நின்ற வண்டி என்றே எழுதுங்கள். போன தீபாவளிக்கு விழுந்த டென்டையும் இதோடு சேர்க்க வேண்டாம். துருவைப் பார்த்தால் அதன் வயசு சர்வேயருக்குத் தெரியும்.

மூன்று வருட இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்குக் கட்டாயமான அந்த மூன்று வருடம் மூன்றாம் நபருக்கானது. சொந்தச் சேதப் பகுதி பல பாலிசிகளில் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். முடிந்திருந்தால் உங்கள் கம்பெனி ஒரு பைசா தராது. இடித்த வண்டியின் இன்சூரன்ஸிடம் கேட்க விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. இடித்துவிட்டு ஓடும் விபத்துக்கு அரசு தரும் இழப்பீட்டை நம்பவும் வேண்டாம். அது உயிரிழப்புக்கும் பலத்த காயத்துக்கும்தான்.

பட்டு வியாபாரிகளுக்குத் தனியாக ஒன்று: சொந்தக் காரில் புடவைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகாதீர்கள். தனியார் கார் பாலிசி, மாதிரிகளும் சொந்த லக்கேஜும் தவிர மற்ற சரக்கு ஏற்றுவதை விலக்கி வைத்திருக்கிறது. வாடகைக்கு விடுவதையும்தான்.

சர்வேயர் போட்ட தொகைதான் கடைசி என்று எண்ணாதீர்கள். அவருடைய அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று 2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்சேதத்தை விட்டுவிட்டார் என்றால் கழற்றிய படங்களோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இன்னொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆரணிக்காரருக்கு அது திருவண்ணாமலை. புடவை எடுக்க வந்த வெளியூர்க்காரர் அதற்காக இங்கே அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.