கைகட்டிக் கணக்குப் படிக்காதே

அன்புள்ள மலர்விழிக்கு,

"கணக்கை விளக்கும்போது கையை ஆட்டுவது சொல் கிடைக்காதவர்களின் பழக்கம்தானே?" என்று கேட்டிருந்தாய். இப்படி உனக்குச் சொல்லிவைத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். பிள்ளைகளைக் கைகட்டி உட்காரவைத்தே வளர்த்தவர்கள் அவர்கள்.

வாக்கியத்தில் பொருளுக்கு ஒட்டாத சொல் வந்தால், ஏறத்தாழ 400 மில்லிநொடியில் மூளையின் மின்னலையில் ஒரு மாற்றம் உச்சத்தைத் தொடும். மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் கண்டறிந்த இதற்கு 'என்400' என்று பெயர். பேச்சுக்கு ஒட்டாத கைச்சைகையைக் காட்டினாலும் அதே நேரத்தில் அதே அலை எழுவதை 2007இல் அஸ்லி ஓஸ்யுரெக் குழுவினர் பதிவு செய்தார்கள். சைகையை மூளை வெறும் அசைவாகத் தள்ளிவிடுவதில்லை, அதற்கும் பொருள் தேடுகிறது.

இனி, யார் வந்தாலும் நான் எடுத்துச் சொல்லும் ஆய்வு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கோல்டின்-மெடோவும் உடனிருந்தவர்களும் 2009இல் வெளியிட்டது. 6+3+4=__+4 போன்ற கணக்குகள். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இதற்கு 13 என்றோ 17 என்றோ எழுதிவிடுவார்கள். சிலருக்கு ஒரு சைகையை மட்டும் பழக்கினார்கள்: இரு விரல்களை விரித்து 6, 3 இரண்டின் அடியிலும் வை, பிறகு ஒரு விரலால் வெற்றிடத்தைக் காட்டு. 'அந்த இரண்டையும் கூட்டு' என்று ஒருவரும் சொல்லவில்லை. வாயால் சொல்லவைத்தது, இரு பக்கமும் சமமாக வேண்டும் என்பதை மட்டுமே. ஆனாலும் அந்தப் பிள்ளைகள், கையசைக்காதவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். இன்னொரு குழு விரல்களைத் தவறான எண்களின் அடியில் வைத்தது. அவர்களும் கையசைக்காதவர்களை மிஞ்சினார்கள்! இதைப் படித்த பிறகும் கரும்பலகைக்கு முன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டி நிற்கும் ஆசிரியரை நான் எப்படிப் பொறுப்பது?

பார்த்துப் பழகியதுதான் சைகை என்றும் வாதிடாதே. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், பார்வையற்ற இன்னொருவரிடம் பேசும்போதும் கையசைப்பதை இதே கோல்டின்-மெடோ, ஜேனா ஐவர்சனோடு சேர்ந்து 1998இல் எழுதியிருக்கிறார்.

கற்றதன் தடம் மூளையிலும் தெரிகிறது. சைகையோடு கணக்குக் கற்ற 8 வயதுப் பிள்ளைகளை எலிசபெத் வேக்ஃபீல்ட் குழுவினர் மூளை ஸ்கேனில் வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். சைகையில்லாமல் கற்ற பிள்ளைகளைவிட இவர்களிடம், உடல் அசைவுக்குரிய மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின.

நீ டியூஷன் எடுக்கும் பிள்ளைகளிடம் அந்த 6+3+4=__+4 கணக்கைக் கொடுத்து, விளக்கும்போது கையைக் கவனி. வாய் 'எல்லாத்தையும் கூட்டணும்' என்று சொல்லும், விரலோ இரு பக்கத்து 4ஐயும் தனியே தொட்டுக் காட்டும். வாயும் கையும் இப்படி வேறுபடும் பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்ததும் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1988லேயே காட்டியாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே சொல்லிக்கொடு, மறுநாளைக்குத் தள்ளாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்