எண் பெரிதானால் அடி பெரிதா?

புதியம்புத்தூரும் வாஞ்சி மணியாச்சியும் ஒரே ஓட்டப்பிடாரம் வட்டத்து ஊர்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட கதை இங்கே தலைமுறை தலைமுறையாகப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சோடு சினிமா தந்த துப்பாக்கி ஞானமும் கலந்துவிட்டது. அதில் நான்கு நம்பிக்கைகளை மட்டும் பார்ப்போம்.

நம்பிக்கை: குண்டு பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவார்.

உண்மை: 9 மி.மீ. குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 360 மீட்டர். அதன் உந்தம் முழுவதும் 70 கிலோ ஆளின் மேல் இறங்கினாலும் அவர் நகரும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர்தான். ஆளை வீசி எறியும் விசை இருந்தால் சுட்டவரும் மல்லாந்து விழ வேண்டுமே! திரையில் பறப்பது ஸ்டண்ட் மாஸ்டர் கட்டிய கயிற்றால்.

நம்பிக்கை: 9 மி.மீ. என்றால் எல்லாம் ஒரே தோட்டா.

உண்மை: அந்த எண் குண்டின் விட்டம் மட்டுமே. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைக் கொன்ற பெரெட்டா பிஸ்டலும் 9 மி.மீ.தான். ஆனால் அதன் தோட்டா உறை 17 மி.மீ. நீளம், இன்று போலீஸ் பிஸ்டலில் போடும் தோட்டாவுக்கு 19 மி.மீ. வெடிமருந்தும் அழுத்தமும் கூடுவதால் பின்னதன் ஆற்றல் கிட்டத்தட்ட இரு மடங்கு. கான்பூர் .32 ரிவால்வரின் தோட்டாவும் .32 பிஸ்டலின் தோட்டாவும் இப்படித்தான், பெயரளவில் மட்டுமே ஒன்று.

நம்பிக்கை: சின்னக் குண்டு கொல்லாது, பெரியது எங்கே பட்டாலும் ஆள் காலி.

உண்மை: எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முக்கியம். 1986இல் அமெரிக்காவின் மியாமியில் எஃப்.பி.ஐ. போலீசாருக்கும் குற்றவாளிகளுக்கும் நடந்த மோதலில் ஒரு 9 மி.மீ. குண்டு ஒரு குற்றவாளியின் கையைத் துளைத்து, இதயத்தை எட்டாமல் நின்றது. அதன்பின் எஃப்.பி.ஐ. 10 மி.மீ.க்கும், பிறகு .40க்கும் மாறியது. சோதனைக்கான ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும் என்று அளவும் வைத்தது. குண்டின் வடிவமைப்பு மேம்பட்டதும் 9 மி.மீ.க்கே திரும்பியது, ஏனெனில் அதில் உதைப்பு குறைவு, குறி தவறுவதும் குறைவு. மணியாச்சியில் வாஞ்சி பிடித்திருந்தது பெல்ஜியம் பிரௌனிங் பிஸ்டல். ரயில் பெட்டிக்குள் இருந்தவரை மிக அருகிலிருந்து மார்பில் சுட்டார். தூரமும் பட்ட இடமும்தான் அங்கே தீர்மானித்தவை.

நம்பிக்கை: 9 மி.மீ.க்கு லைசன்ஸ் தராததற்குக் காரணம், அது மிகக் கொடியது என்பதே.

உண்மை: அப்படியானால் பேங்க் வாசல் காவலாளியிடம் 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்க முடியாது. அருகிலிருந்து சுட்டால் அதன் ஆற்றல் 9 மி.மீ.யைப் போலப் பல மடங்கு. 9 மி.மீ. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் அளவு என்பதால் அது தடை செய்யப்பட்ட போர். இன்னொன்று: 12 போர் போன்ற துப்பாக்கிகளின் கணக்கில் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை வார்த்தால் வரும் விட்டமே 12 போர். 20 போர் அதைவிடச் சிறியது.

ஆகவே, லைசன்ஸ் வைத்திருப்பவர் எண்ணை மட்டும் நம்பித் தோட்டா வாங்கக் கூடாது. குழலில் பொறித்த முழுப்பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் பொருந்த வேண்டும்.