சதுரங்கப் பலகையின் பெரிய எண்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. இந்தக் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 64 கட்டங்களுக்கும் மொத்தம் எத்தனை மணி என்று வாப்பாவின் கல்குலேட்டரில் பார்த்தேன். 1.844674407 என்று காட்டி, பக்கத்தில் பத்தின் 19ஆம் வலு என்று முடித்துக்கொண்டது. மீதிப் பத்து இலக்கங்களை அது விழுங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. கடதாசியை எடுத்தேன்.

1+2+4 என்பது 7. அது 8இல் ஒன்று குறைவு. 1+2+4+8 என்பது 15. அது 16இல் ஒன்று குறைவு. அப்படியானால் நமது விடை 2இன் 64ஆம் வலுவில் ஒன்று குறைவாக இருக்க வேண்டும். அதற்காக 64 தடவை இரட்டிக்கத் தேவையில்லை. 2ஐ வர்க்கித்தால் 4, பின் 16, 256, 65,536, 4,294,967,296. ஆறாவது தடவை வர்க்கித்தால் வலு கிடைத்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பீரூனி தமது 'அல்ஆதாருல் பாகியா' நூலில் இவ்வாறு வர்க்கித்தே இக்கணக்கைச் செய்தார். கடைசிப் பெருக்கலில் எனக்கு இரண்டு முறை பிழைத்தது. மூன்றாம் முறை வந்தது:

18,446,744,073,709,551,615

இனி இதன் காரணிகள். நாம் வகுப்பில் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசம் இங்கே அழகாக உதவுகிறது. வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் அது இரண்டாகப் பிரியும். அதில் சிறிய பகுதி மறுபடியும் பிரியும். பிரித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 என்று ஆறு காரணிகள் நிற்கும். முதல் ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவதையும் முதன்மை என்றே கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதன் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் தந்தார்.

1640 அளவில் பேர்மா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரும் இதே ஐந்தைப் பார்த்து, இவ்வரிசையில் வரும் எல்லாமே முதன்மை என்று நம்பியிருந்தாராம். கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆறாவது எண்ணைப் பிரிக்கும் முதன்மை எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று ஒயிலர் நிறுவினார். அந்த நிறுவல் என் தரத்துக்கு மேலானது. டீச்சர் சொன்னபடி எடுத்துக்கொண்டேன். அவ்வாறான முதன்மை எண்களில் முதல் ஐந்து 193, 257, 449, 577, 641. அன்றிரவு ஒவ்வொன்றாக நீள்வகுத்தல் செய்தேன். 193க்கு மீதி 109. 257க்கு மீதி 2, மயிரிழையில் தப்பிவிட்டது! 449க்கு 325. 577க்கு 288. உம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 641க்கு மீதி பூச்சியம்.

ஈவு 6,700,417. அதுவும் முதன்மை எண். ஒயிலர் இந்த 641ஐ 1732இல் கண்டுபிடித்தார். 65,537க்குப் பின் இவ்வரிசையில் இன்னொரு முதன்மை எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

ஆகவே கோதுமை மணிகளின் எண்ணுக்கு முதன்மைக் காரணிகள் ஆறல்ல, ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417. கொப்பியில் கேள்விக்குறிக்குக் கீழே திருத்தி எழுதினேன். டீச்சர் சரி போட்டுவிட்டு, இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். 128 என்று நினைக்கிறேன். ஏன் என்று நீங்களும் பாருங்கள்.