கண்டிக் கத்தியும் எழுத்தாணியும்

பழைய போர்க்கருவிகளைச் சேகரிப்போர் கண்டி இராச்சியத்துக் கத்தி ஒன்றைக் கண்டால் எளிதில் விடார். சிங்களத்தில் இதனைப் ‘பிஹா கெத்த’ என்பர். ஒருபுறம் மட்டுமே கூருடைய தடித்த அலகு. அதன் அடியிற் பித்தளையும் வெள்ளியும் பதித்த கொடி வேலைப்பாடு. பிடியோ தந்தம், கொம்பு, சிலவற்றிற் பளிங்கு. இவற்றுட் சிறந்தவை அரசருக்கென்றே பணிசெய்த ‘பட்டல் ஹத்தர’ என்னும் நான்கு பட்டறைகளில் உருவானவை. பதவி பெற்ற பிரதானிகளுக்கு, சிங்கமுகப் பிடியுடைய ‘கஸ்தான’ வாளோடு இக்கத்தியும் பதவிச் சின்னமாக அளிக்கப்பட்டது. 1815இல் இராச்சியம் வீழவே அப்பட்டறைகளும் ஆதரவிழந்தன.

இதனைப் போர்க்கத்தி என்று மட்டும் எண்ணுதல் பொருந்துமா? உறையை உற்று நோக்குதல் வேண்டும். பல உறைகளிற் கத்தியின் அருகே எழுத்தாணிக்கும் இடமுண்டு. ஓலையை நறுக்கக் கத்தி, எழுத ஆணி. நம் முன்னோரின் மடக்கெழுத்தாணியும் ஒரு பிடியில் ஆணியையும் கத்தியையும் கொண்டிருந்ததன்றோ! தமிழர் எழுதியது பனையோலையில். கண்டியார் எழுதியது தாளிப்பனையின் ஓலையில். வேறுபாடு அவ்வளவே.

ஆதலின் கத்தியை மட்டும் வாங்கி ஆணியைக் கைவிடும் சேகரிப்பாளரை நாம் பாராட்டுதற்கில்லை. பிரிந்த ஆணி பின்னர் எவ்வுறைக்கு உரியதென யாரே அறிவார்? ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் இத்துறையிற் பயில்வார்க்கு இன்றும் துணையாவது. மாணவர்கள் அதனைப் பயின்றபின், பல்லே வாஹலவில் உள்ள கண்டி அருங்காட்சியகத்துக்குச் சென்று, அங்குள்ள ஆயுதங்களையும் ஏனைக் கருவிகளையும் நேரிற் காண்பாராக.