நரம்பு நோய்க்கு ஈ என்ன சொல்லும்?

கேள்வி: என் அண்ணனுக்கு 52 வயது. கைப்பிடி தளர்வதில் தொடங்கி, இப்போது சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. ஏ.எல்.எஸ். என்னும் மோட்டார் நியூரான் நோய் என்கிறார் டாக்டர். இதற்குப் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி நடப்பதாகப் படித்தேன். ஈக்கும் மனிதருக்கும் என்ன சம்பந்தம்? அதனால் அண்ணனுக்குப் பலன் உண்டா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அண்ணனின் விரல்கள் தளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயமே. மாங்காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ வேறு. ஆய்வகத்தில் வளர்ப்பது டிரோசோபிலா. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்த எள்ளளவு ஈ.

தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோவது இயக்க நரம்பு செல். அது நலிந்தால் தசை மெலிகிறது. ஈக்கு முதுகெலும்பு கிடையாது. ஆனால் அதன் மார்புக்குள் உள்ள நரம்புத் திரளிலிருந்து கால்களுக்கும் இறக்கைகளுக்கும் இதே வேலையைச் செய்யும் செல்கள் போகின்றன. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு ஈயிடம் இணை உண்டு. பத்தே நாளில் முட்டை ஈயாகிவிடும். ஆயுள் சுமார் இரண்டு மாதம். மனிதரிடம் ஆண்டுக்கணக்கில் நடக்கும் தேய்வை இதனிடம் சில வாரங்களில் பார்த்துவிடலாம்.

1993-இல் வந்த 'கால்4' என்ற முறையால், விரும்பிய மரபணுவை ஈயின் இயக்க நரம்பு செல்களில் மட்டும் இயங்க வைக்க முடிகிறது. பிறகு குழாயில் ஈக்களை விட்டு லேசாகத் தட்டுவார்கள். எல்லாம் அடியில் விழும். நலமான ஈ சில நொடிகளில் சுவரில் ஏறிவிடும். நரம்பு நலிந்தது பாதியிலேயே நின்றுவிடும், அல்லது அடியிலேயே கிடக்கும். உங்கள் அண்ணனின் பிடி தளர்ந்ததற்கு இணையான அறிகுறி இது.

இதனால் கிடைத்த பலனுக்கு ஓர் உதாரணம். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் நரம்பு செல்களில் டிடிபி-43 என்ற புரதம் கட்டிகட்டியாகத் தேங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈஸ்டிலும் ஈயிலும் தேடியபோது, அட்டாக்சின்-2 என்ற இன்னொரு புரதம் கூடினால் டிடிபி-43 செய்யும் சேதம் கூடுவதையும், குறைந்தால் அது குறைவதையும் கண்டார்கள். உடனே 915 நோயாளிகளின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். அட்டாக்சின்-2 மரபணுவின் ஒரு பகுதி வழக்கத்தைவிடச் சற்று நீண்டிருந்தது, நோயாளிகளில் 4.7 சதவீதத்தினரிடம், நோயில்லாதவர்களில் 1.4 சதவீதத்தினரிடம் மட்டுமே. 2010-இல் வெளியான இந்த முடிவால், நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு தெரியவந்தது. அதற்குத் துப்புக் கொடுத்தவற்றில் ஈயும் ஒன்று.

ஆனால் துப்பு வேறு, மருந்து வேறு. அட்டாக்சின்-2 புரதத்தைக் குறைக்கும் ஒரு மருந்தை நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2024-இல் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது. மூளையின் புறணிப் பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நீண்ட நரம்புப் பாதை நமக்கு உண்டு; ஏ.எல்.எஸ். அதையும் தாக்குகிறது. ஈயிடம் அப்படியொரு பாதை இல்லை. தசையைத் தூண்ட நம் நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது; ஈயின் நரம்போ குளுட்டமேட்டைச் சுரக்கிறது. ஆயிரம் வழிகளில் எதைத் தேடலாம் என்று ஈ காட்டும். அது மருந்தாகுமா என்பதை மனிதரிடம் நடக்கும் சோதனையே சொல்ல வேண்டும்.

ஆகவே ஈ ஆய்வுகளால் உங்கள் அண்ணனுக்கு இன்றே பலன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. மரபணுப் பரிசோதனை அவருக்குத் தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். எஸ்ஓடி1 மரபணுவில் பிழை உள்ள சிறுபான்மை நோயாளிகளுக்கென்றே டோஃபர்சென் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. எந்த மரபணு என்று தெரிந்தால்தான் அந்தக் கதவு திறக்குமா என்று பார்க்க முடியும். அதுவரை மூச்சு, உணவு, பிசியோதெரபி மூன்றையும் தள்ளிப்போடாமல் கவனியுங்கள். பூரண குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.