பிளஸ் டூ தேர்வு அறையில்

தமிழக பிளஸ் டூ பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும், 10.15-க்குத்தான் எழுதத் தொடங்கலாம். முதல் 10 நிமிடம் வாசிக்க மட்டுமே. கட்டாய வினா எதுவென்று அப்போதே பார்த்துவிடுங்கள். சாய்ஸ் என்று நினைத்து அதை விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அடுத்த 5 நிமிடம் முகப்புத்தாளுக்கு: படம், பதிவெண், பாடம் சரிதானா?

ஒரு மதிப்பெண் வினாவுக்கு ‘ஆ’ என்று எழுத்தை மட்டும் போடாமல் விடையையும் சேர்த்து எழுதுங்கள்.

வெளியே வந்ததும் மரத்தடியில் விடை ஒப்பிடும் கூட்டத்தில் நிற்க வேண்டாம். நாளை மறுநாள் தேர்வுக்கான தெம்பு அங்கேயே போய்விடும். பெற்றோரே, மார்க் பற்றிக் கேட்காமல் முதலில் சாப்பாடு போடுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு.