வறட்சியைத் தாங்கும் கௌபியும் பயறும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், மீண்டும் சித்திரையிலும் மழை கிடைக்கின்றது. ஆனி முதல் புரட்டாதி வரை வறட்சி நிலவும். கற்பிட்டிப் பகுதியின் மணற்றரை நீரை நெடுநாள் தேக்கி வைப்பதில்லை. பயிர் பூக்கும் பருவத்தில் மழை பொய்த்தால், விளைச்சலுடன் அடுத்த போகத்துக்குரிய விதையும் அழிய நேரிடும். ஆதலால் ஏற்ற இனத்தைத் தெரிந்தெடுத்தல் கமக்காரரின் முதற் கடமையாகும்.

மலைநாட்டுப் போஞ்சி இக்கரைக்கு ஏற்றதன்று. இரவில் வெப்பம் மிகுந்தால் அதன் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்ந்துவிடும். கொலம்பியா நாட்டில் 1967 இல் நிறுவப்பட்ட சர்வதேச வெப்பவலய விவசாய நிலையத்தார், போஞ்சியைப் பாலைநிலத் தெப்பரி அவரையுடன் கலந்து, வெப்பத்தைத் தாங்கும் வகைகளைப் பெற்றுள்ளனர். எமது உலர்வலயத்துக்கோ, கௌபியும் பயறும் இயல்பாகவே பொருந்துவன. கௌபி ஆணிவேரை ஆழமாகச் செலுத்தி வறட்சியைத் தாங்கும். பயறு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முற்றுவதால், நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு விளைந்து, வறட்சிக்குத் தப்பிவிடும்.

புதிய இனம் உருவாகும் முறை

ஓரினத்தின் பூ மலருமுன் அதன் மகரந்தப் பைகளை நீக்கி, வேறோரினத்தின் மகரந்தத்தை இடுவர். அதன் வழிவந்த செடிகளைப் பல தலைமுறை பயிரிட்டுச் சிறந்தவற்றைத் தெரிந்தெடுப்பர். அனுராதபுர மாவட்டத்து மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை எம்.ஐ. 35 கௌபியும், எம்.ஐ. 5, எம்.ஐ. 6 பயறுகளும் தாங்கியுள்ளன. எனினும் அங்குள்ள மண் செங்கபில மண். கரையோரத்து மண் மணல். ஓரிடத்தில் சிறந்த இனம் எங்கும் சிறக்குமென எண்ணலாகாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. புதிய இனத்தையும் பழைய இனத்தையும் அடுத்தடுத்த பாத்திகளில், ஒரே நாளில், ஒரே இடைவெளியில் விதைத்து ஒப்பிடுதல் வேண்டும்.

2. கலப்பான நாட்டினமாயின், வறட்சியிலும் காய் நிறைந்த செடிகளுக்கு நூல் கட்டி அடையாளமிட்டு, அவற்றின் விதையைத் தனியே எடுத்தல் நன்று. இவை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுறும் பயிர்கள். ஆதலால் தாயின் குணம் விதையிலும் நிலைக்கும்.

3. வரம்போரத்திலும் வாய்க்காலோரத்திலும் நிற்கும் செடிகளைத் தெரிதலாகாது. அவற்றின் செழிப்புக்கு மிகுதியான நீரே காரணமாகலாம்.

4. விதையை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, வண்டு தாக்காது காத்தல் வேண்டும்.

கிணற்று நீரை அளவின்றி இறைத்தால் கரையோரத்தில் உவர்நீர் ஏறும். குறைந்த நீரில் விளையும் இனம் விதையைக் காப்பதுடன் கிணற்றையும் காக்கும்.